தாழைக்கு வந்த ஊக்கத்தொகை

'தெரியாது' என்ற சொல் ரெமிஜியஸ் மாமாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. என் அக்கா மௌரீனை அவர் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்த்துவருகிறேன். எங்கள் பெங்களூரில் சிவாஜிநகருக்கு எந்த பஸ் போகும் என்று யாராவது வழியில் நிறுத்திக் கேட்டால், தப்பான பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவாரே தவிர, தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார். ஏற்றிவிட்டுக் கையும் அசைப்பார். அப்படி எத்தனை பேர் யஷ்வந்த்பூரில் போய் இறங்கியிருப்பார்களோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் தமிழ் எழுத்துப்பிழை விஷயத்தில் மனுஷனை யாரும் அசைக்க முடியாது. ஒக்கலிபுரத்தில் ஒரு தமிழ் அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, நவநாள் ஜெபப் புத்தகம், இரங்கல் அட்டை எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். ல, ள, ழ மூன்றும் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள். எங்கள் அப்பா செத்துக் கிடந்த வீட்டில், வந்தவர்களுக்குக் கொடுக்க 'வாளப்பளம்' வாங்கி வரச் சொன்ன என் சித்தப்பாவை நிறுத்தி, 'ழ' சொல்ல நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் அவர். சித்தப்பா அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. அச்சக முதலாளி யாரும் வந்து கேட்பதற்கு முன்னாலேயே தமிழ்ப் பலகையைத் தானே கழற்றி உள்ளே சாய்த்து வைத்தார். ஊர் அடங்கிய பிறகு கன்னடப் பலகை ஒன்று மாட்டினார். பழைய பலகை கழிவறைக்குக் கதவானது. கன்னட அச்சகத்துக்குத் தமிழ் புரூஃப் ரீடர் எதற்கு என்று முதலாளி மாமாவை அனுப்பிவிட்டார். பொம்மனஹள்ளியில் என் வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் பார்த்த வேலை எல்லாம் டெம்பரவரி. லீவில் போன கிளார்க்குக்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடத்தில், சீசனுக்கு மட்டும் ஒரு கூரியர் ஆபீஸில், பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில். எந்த இடத்திலும் நாற்காலி சூடாவதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள். அக்கா கார்மென்ட்ஸுக்குப் போய்க் காலர் தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவளுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். "ஒரு தடவ, சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவ, இந்த மனுஷன் பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கினு வந்து நிக்கணும். கண்ணால பாத்துட்டா போதும்" என்பாள். பணத்துக்காகக்கூட இல்லை. கோயில் பங்கு விருந்துகளில் 'உங்க வூட்டுக்காரரு எங்க வேல செய்றாரு' என்று கேட்கும் பெண்களுக்குப் பதில் சொல்லி அவள் களைத்துப்போயிருந்தாள்.

மாமா சும்மா இருக்கும் நேரத்தில் கன்னடம் படித்தார். படித்தார் என்றா சொன்னேன்? கண்டுபிடித்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஆசிரியர் கிடையாது, அகராதி கிடையாது. ஒரு சூத்திரம் வைத்திருந்தார். கன்னடத்தில் 'ஹ' வந்தால் தமிழில் 'ப' போடு. ஹாலு என்றால் பால், ஹூவு என்றால் பூ, ஹுலி என்றால் புலி. கன்னடத்தில் 'ள' வந்தால் தமிழில் 'ழ' போட்டுப் பார். பாளெ என்றால் வாழை, மளெ என்றால் மழை, கோளி என்றால் கோழி. "இவ்ளோதான் கன்னடம், கில்பர்ட். நம்ம ழகரத்த தொலச்சிட்டாங்க, அவ்ளோதான். நாம எடுத்துக் குடுத்தா சரியாப்பூடும்" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சூத்திரத்தின்மேல் அவருக்கு இருந்த விசுவாசத்தில் பாதி கோயில்மேல் இருந்திருந்தால் ஞாயிறு பூசைக்கு நேரத்துக்குப் போயிருப்பார். எங்கள் விலாசத்தைக்கூடப் 'பொம்மனப்பள்ளி' என்றுதான் எழுதுவார். அது என்ன பள்ளிக்கூடம் என்று பங்குச் சாமியார் ஒருநாள் விசாரித்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் போனதும் ஊருக்குப் பயோடீசல் பைத்தியம் பிடித்தது. மரத்திலிருந்து டீசல் வரும், அதில் ஜெனரேட்டர் ஓடும், லாரி ஓடும், புகை வராது என்று பேப்பரில் தினம் ஒரு படம். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கண்ணாடி ஆபீஸ் அங்கே, எண்ணெய் காய்ச்சும் கொட்டகை எங்கள் பொம்மனஹள்ளியில். கொட்டகை லாரிக்கு நான் டிரைவர். மேனேஜர் ரகுராம் சேலத்துக்காரர், படித்ததெல்லாம் டில்லியில். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்க வராது. கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று கொட்டகையில் சொல்லிக்கொள்வோம்.

திட்டம் இதுதான். பாமாயில் எடுக்கும் பனையை விவசாயிகள் நடவேண்டும். கன்றை அவர்களே வாங்கிக்கொள்ளவேண்டும். நட்டதை ஆபீசர் வந்து பார்த்து எழுதினால் அரசாங்கம் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தரும். பழம் வந்ததும் கம்பெனி வாங்கிக்கொள்ளும். இதில் கொஞ்சம் யோசிக்கத் தெரிந்தவனுக்கு ஒன்று உறைக்கும். தொகை நடுவதற்குத்தான், பழத்துக்கு இல்லை. மரம் காய்க்க நாலு வருஷம் ஆகும், தொகை மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிடும். இதை வகுத்தவர்கள் ஒரு தொட்டியில் ரோஜாச்செடிகூட வளர்த்திருக்கமாட்டார்கள்.

விவசாயிகளுக்குக் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் கன்னடத்தில் வந்தது. கொள்ளேகால் தாண்டி ஆற்றோரத்தில் தமிழ் பேசும் ஊர்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழில் வேண்டும் என்றார் ரகுராம். தமிழ் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். நான்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கன்னடத்தில் பனைக்குத் தாளெ என்று பெயர். பாமாயிலுக்குத் தாளெ எண்ணெ. துண்டுப்பிரசுரம் முழுக்கத் தாளெ, தாளெ, தாளெ. மாமா உடனே பேனாவை எடுத்தார். பாளெ வாழை ஆகும்போது தாளெ என்ன ஆகும்? 'தாழை நடும் விவசாயப் பெருமக்களுக்கு அரசின் ஊக்கத்தொகை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார். கீழே 'தாழைப் பழத்திலிருந்து டீசல் எடுக்கப்படும்' என்று விளக்கமும் கொடுத்தார். ஒற்றுப்பிழைகூட இல்லாத சுத்தமான தமிழ். ரகுராம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து "சூப்பர்" என்றார். ஆயிரக்கணக்கில் அச்சடித்து விநியோகித்தார்கள்.

ஆபீஸில் எல்லோரும் நாள் முழுக்க 'பாம், பாம்' என்றுதான் பேசினார்கள். அது மாமாவின் காதில் விழாமலா இருக்கும்? ஒருநாள் நானே கேட்டேன். "ஏன் மாமா, பாம்னா பனையாச்சே, நீங்க தாழைன்னு போட்டிருக்கீங்களே" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாம் சண்டேக்கு கோயில்ல பனை ஓலையாடா குடுக்கறாங்க? தென்னங்குருத்துதானே. அப்ப பாம்னா ஒரே மரம்னு யாரு சொன்னது? தாழையும் ஒரு பாம்தான்" என்றார். குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் பவனி போகிற எனக்கு அதற்கு மேல் வாய் திறக்கத் தோன்றவில்லை. மண்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒன்றை அவரிடமிருந்து பிடுங்க என்னால் ஆகாது.

வேலை டெம்பரவரிதான். ஆனால் முதல் அறுவடை வந்ததும் பர்மனென்ட் என்று ரகுராம் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்குக் கேசரி செய்தாள். நாலு வருஷம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே அவள் கார்மென்ட்ஸுக்குப் போய்வந்தாள்.

அந்த நாலு வருஷத்தில் கன்னடப் பிரசுரத்தைப் படித்த ஊர்களில் நிஜப் பனையை நட்டார்கள். தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சிக் கிணறு வற்றியது. தொகை நின்றதும் பாதிப் பேர் மரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி கரும்புக்குப் போனார்கள். மீதிப் பேரின் மரம் காய்த்தது. ஆனால் வெட்டிய பழத்தை உடனே ஆலையில் போடாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆலை எங்கோ, மரம் எங்கோ. வந்து சேர்ந்த கொஞ்சநஞ்ச எண்ணெய்க்கும் சமையல் எண்ணெய் வியாபாரி கம்பெனியைவிட நல்ல விலை கொடுத்தான். வடை சுட்டால் லாபம், வண்டி ஓட்டினால் நஷ்டம். இதற்கு எந்த விவசாயி வண்டி ஓட்டுவான்? கம்பெனி கடைசியில் கப்பலில் வந்த பாமாயிலை வாங்கிக் காய்ச்சி, 'நம் விவசாயியின் டீசல்' என்று கேனில் ஒட்டி விற்றது. ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட்டில் அதை ஜெனரேட்டருக்கு ஊற்றினார்கள். டிசம்பர் குளிரில் அது நெய்போல உறைந்து குழாயை அடைத்துக்கொண்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கம்பெனியை வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

தமிழ் ஊர்கள் மட்டும் செழிப்பாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. நட்டதில் ஒன்றுகூடச் சாகவில்லையாம். ரகுராமுக்குத் தலைகால் புரியவில்லை. பழம் ஏற்றிவர என்னை லாரியோடு அனுப்பினார். மாமாவும் ஏறிக்கொண்டார், புதுச் சட்டையில்.

போய் இறங்கியதும் வாசனைதான் முதலில் வந்தது. ஆற்றங்கரை நெடுக, வரப்பு நெடுக, முள்ளும் மடலுமாகத் தாழைப் புதர். நடுநடுவே பழக்குலைகள் செக்கச்செவேல் என்று தொங்கின. உத்தமன் என்ற விவசாயி எங்களுக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கத்துக்கு அவர்தான் பெரிய தலை. நான் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, தாழைல டீசல் வருமுன்னு நீங்க நம்பினீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்களுக்கும் சந்தேகந்தாங்க. ஆனா அரசாங்கமே அச்சடிச்சுக் குடுத்திருக்கு, நடுடான்னு. தாழைக்குத் தண்ணி ஊத்த வேணாம், ஆடு கடிக்காது, சும்மா கெடந்த கரையில நட்டாப் போதும். பணம் சரியா வந்துச்சு. பூவ பெங்களூருக்கு அனுப்பறோம். நாங்க எதுக்குங்க கேள்வி கேக்கணும்?"

அரசாங்கத்திலும் கம்பெனியிலும் இருந்த அத்தனை அறிவையும் கூட்டினால்கூட இந்த மனிதரின் கால் தூசுக்கு ஈடாகாது என்று எனக்கு அப்போது தோன்றியது. பழத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கொட்டகையில் கெமிஸ்ட் அந்தப் பழத்தைப் பிழிந்து பார்த்துவிட்டு, இதில் எண்ணெயும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்றார். ரகுராம் கம்ப்யூட்டரில் படம் தேடிப் பார்த்து நாற்காலியில் சரிந்தார். மாமா சுவரோரமாக நின்று, கன்னடப் பிரசுரத்தையும் தமிழ்ப் பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். புரூஃப் படிக்கிறபோது விரல் வைத்துப் படிப்பாரே, அதே மாதிரி விரல் வைத்து.

ரகுராமுக்குப் புத்தி சீக்கிரம் திரும்பியது. கம்பெனிக்கு பேங்க் கொடுத்த கடனே அந்த ஏக்கர் கணக்கைக் காட்டி வாங்கியதுதான். இதுவரை வந்த சின்ன ஆபீசர்கள் கேட்காமலே 'தாளெ' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் பெரிய ஆபீசர் கடைசி ஆய்வுக்கு வருகிறார். அவர் 'தாளெ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லோரும் தப்பித்தார்கள்.

"ரெமிஜியஸ் சார், உங்க பர்மனென்ட் ஆர்டர் டைப் பண்ணி என் டேபிள்ல ரெடியா இருக்கு. ஆபீசர் வந்துட்டுப் போறவரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்க. அவ்வளவுதான் வேல" என்றார்.

அன்று வீட்டில் மாமா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சோற்றிலேயே குத்தி நிறுத்தினாள்.

"சும்னே இருங்க. யாருக்கு என்ன நஷ்டம்? பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் உங்கள ஒண்ணும் கேக்கல. இந்த ஒரு தடவ கம்முனு இருங்க."

"பிழைன்னு தெரிஞ்சப்புறம் எப்படி மௌரீன் விடறது?"

"உங்க பிழையால யாரும் செத்துப்போகல."

மாமா சாப்பிடாமல் கை கழுவினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காலமெல்லாம் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஆளுக்கு இப்போதுதான் வழி சரியாகச் சொல்லவேண்டும் என்று ஞானோதயம் வரவேண்டுமா? என் அக்காவின் ஒரே ஆசை வாசல்வரை வந்து நிற்கும்போதா? வாய்விட்டே கேட்டேன்.

ஆய்வு நாளில் ஆபீசர் ஜீப்பில் வந்தார். பருத்த உடம்பு, நல்ல சுபாவம், ஜீப்பை விட்டு இறங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தாழைப் புதரைப் பார்த்தார். உத்தமனும் ஊர்க்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிழை என்று ஆகிவிட்டால் வாங்கிய தொகை அத்தனையும் அவர்கள் திருப்பிக் கட்டவேண்டும். ரகுராம் ஜீப்பின் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது ஏனு பெளெ?" என்றார் ஆபீசர். என்ன பயிர் என்று கேட்கிறார்.

ரகுராம் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் போய்விட்டார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"தாழை, சார்."

"ஹௌது, தாளெ" என்று ஆமோதித்தபடி ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

"அல்ல சார். தாளெ அல்ல. தாழை. ழ." என் சித்தப்பாவுக்குக் காட்டியதுபோலவே வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினார். "தப்பு என்னோடது சார். நான்தான் தப்பா மொழிபெயர்த்தேன். இது பேற மர."

உத்தமன் கண்ணை மூடிக்கொண்டார். ரகுராமின் முகத்தில் ரத்தமே இல்லை. வேறு மரம் என்று மாமா தன் சொந்தக் கன்னடத்திலேயே, 'வே'க்குப் 'பே' போட்டு, தெள்ளத்தெளிவாகச் சொல்லிவிட்டார். என் அக்காவின் ஆர்டர் காற்றில் பறந்ததை நான் பார்த்தேன் என்றே நினைத்தேன்.

ஆபீசர் மாமாவை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். "அதே ரீ. நீவு தமிளல்லி ஹேள்தீரா, நாவு கன்னடதல்லி ஹேள்தீவி. தாளெ" என்றார். நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், நாங்கள் கன்னடத்தில் சொல்கிறோம், எல்லாம் ஒன்றுதான் என்கிறார். ஃபைலைத் தொடைமேல் வைத்து 'தாளெ, உத்தம பெளவணிகெ' என்று எழுதினார். அருமையான வளர்ச்சியாம். கையெழுத்துப் போட்டு மூடினார்.

அப்புறம் ஜீப் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார். "ஹூவு இதியேனப்பா? மனெகெ எரடு கொடி" என்றார். வீட்டுக்கு இரண்டு பூ வேண்டுமாம். உத்தமன் ஓடிப்போய் நல்ல மடலாகப் பார்த்து வெட்டி, முள் குத்தாமல் இலையில் சுற்றிக் கொடுத்தார். அதை அவர் மூக்கருகே வைத்து ஆழமாக மோந்துவிட்டு, சீட்டில் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எண்ணெய்ப் பனையின் பூவைத் தலையில் வைக்கும் பெண்டாட்டி இந்த உலகத்தில் யாருக்கும் கிடையாது. அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

திரும்பும் வழியில் லாரிக்குள் தாழம்பூ வாசனை தாங்கவில்லை. உத்தமன் நன்றியோடு எங்களுக்கும் ஒரு கட்டு போட்டிருந்தார். கனகபுரா தாண்டியதும் மாமா வாயைத் திறந்தார்.

"கில்பர்ட், நான் சொன்னது சரியா வந்துச்சா? ழ?"

"வந்துச்சு மாமா. நல்லா வந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்திய மனிதர் தன் பிழையைத் திருத்திக்கொள்ளக் கெஞ்சியும் ஒருவன்கூட விடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய், அந்த ஜீப்பின்மேல் வந்தது.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ரகுராம் கைகொடுத்து, வாய் தவறி வந்த உண்மைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்கிற மாதிரிச் சிரித்துக் கொடுத்தார். ஒரே வருஷத்தில் கம்பெனியே மூடிக்கொண்டது, அது வேறு விஷயம். அன்றைக்கு அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. மாதா படத்துக்கு முன்னால் ஆர்டரை வைத்து மெழுகுத்திரி ஏற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். மேலே இங்கிலீஷ், கீழே கன்னடம். கன்னடத்தில் மாமாவின் பதவிக்கு முன்னால் 'தாளெ' என்று இருந்தது.

"இது என்ன வேலைங்க? கோயில்ல கேட்டா தமிழ்ல நான் என்னன்னு சொல்லணும்?"

மாமா அதைக் கையில் வாங்கினார். அந்த எழுத்தின் கீழே விரலை வைத்தார். நான் சூத்திரத்துக்காகக் காத்திருந்தேன். பாளெ, மளெ, கோளி என்று ஆரம்பிப்பார், நானும் வழக்கம்போலச் சிரிக்கலாம் என்று இருந்தேன். அவர் விரலை எடுத்துவிட்டு, ஆர்டரை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியாது, மௌரீன்" என்றார்.